விபூதிப் பட்டை போட்ட டிஸ்க்

"அக்கா, பூசை நல்லபடியா முடிஞ்சிதுக்கா. ஆனா பொட்டி எந்திரிக்க மாட்டேங்குது."

விஜயதசமி காலையில் நான் இட்லித் தட்டும் கையுமாக நின்றபோது வந்த போன் இது. பேசியவர் கருக்களாச்சேரி செல்வமணி. கல்யாண வீடியோ எடுப்பவர். பொட்டி என்று அவர் சொன்னது, அவர் வீட்டுக்கு நான் கட்டிக் கொடுத்த மீடியா சர்வரை, வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டரை.

"பூசைக்கும் பொட்டிக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"ஆயுத பூசை இல்லையாக்கா? கேமரா, ட்ரைபாடு, லைட்டு எல்லாத்தையும் தொடச்சு வச்சோம். ஊரு கல்யாணமெல்லாம் காக்குற பொட்டிய மட்டும் விட்டுட முடியுமா? டிஸ்க்கு நாலையும் வெளில எடுத்து, தொடச்சு, பொட்டு வச்சு..."

"டிஸ்க்கை எடுத்தீங்களா!"

"திரும்ப மாட்டிட்டேன்க்கா. ஒரு டிஸ்க்கு மட்டும் டிக்கு டிக்குங்குது. ஸ்கிரீன்ல டிஸ்க்கெல்லாம் எடம் மாறியிருக்குன்னு செவப்பா காட்டுது. கீழ ஒரு பட்டன் இருக்கு, புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்குது. அமுக்கிரவா?"

நான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். "தம்பி, அந்தப் பட்டனைத் தொட்டீங்கன்னா நான் அந்த வீட்டு வாசப்படி ஏற மாட்டேன், சொல்லிட்டேன்!"

அதற்குள் போனில் அவர் மனைவி மலர்க்கொடியின் குரல் குறுக்கே வந்தது. "அமுக்க வுட மாட்டேன்க்கா. மவுச புடுங்கி மடியில வச்சிருக்கேன். நீங்க வாங்க."

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ கஸ்டமர்களைப் பார்த்துவிட்டேன். சி.டி. டிரைவில் காபி டம்ளரை வைத்தவர் உண்டு, வைரஸ் வரும் என்று மானிட்டருக்கு வேப்பிலை செருகியவர் உண்டு. மவுஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்ட கஸ்டமர் மலர்க்கொடி ஒருத்திதான். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக நான் எழுதும் இந்தக் குறிப்புகளில் அவளுக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும். (அவர் இவர் என்று எழுதினால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்களுக்குள் வா போ பழக்கம்.)

1. பொட்டி ஏன் வந்தது

காரைக்கால் டவுனில் கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். பாலிடெக்னிக் படிப்பு, பத்து விரலிலும் ஸ்க்ரூடிரைவர் தழும்பு. உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "எஞ்சினியர் இல்லையாம்மா?" என்பார்கள். "நான்தான், சொல்லுங்க" என்றால், "இல்லம்மா, மெஷினைப் பாக்கிற எஞ்சினியர்" என்பார்கள். "வருவாரு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். கால் மணி நேரம் உட்கார்ந்தால் தானாகப் புரிந்துவிடும்.

செல்வமணி அப்படிக் கேட்கவில்லை. கோணிப்பை நிறைய மினி டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். எல்லாம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. கடலோர வீடுகளில் அவர் எடுத்தவை.

"அக்கா, இதையெல்லாம் டிஸ்க்குல ஏத்தி, டிவியில ரிமோட்டு வச்சு பாக்கணும். எது வேணும்னு கேட்டா உடனே வரணும். ஒண்ணுகூட அழியக் கூடாது."

"அப்படி என்ன அவசரம்?"

அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். சுனாமியில் அவர்கள் ஊரில் ஆட்கள் போனார்கள், வீடுகள் போயின. வீடுகளோடு ஆல்பங்களும் கேசட்டுகளும் போய்விட்டன. இவருடைய ஸ்டூடியோ டவுனில் இருந்ததால் அங்கிருந்த மாஸ்டர் கேசட்டுகள் தப்பித்தன. துக்கம் கொஞ்சம் ஆறியதும் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். எங்க வூட்டுக் கல்யாணம் வச்சிருக்கியா தம்பி, எம் புள்ள அதுல இருப்பானே என்று.

"பாதி கேசட்டுல மேல வேற கல்யாணம் பதிஞ்சிட்டேன்க்கா. எங்க தொழில்ல அதான வழக்கம், டெலிவரி குடுத்த பொறவு கேசட்ட திரும்பப் போடுவோம். இல்லன்னு சொல்றப்ப அவங்க மூஞ்சிய பாக்க முடியல."

மிச்சமிருந்த கேசட்டுகளிலும் உப்புக்காற்று பூஞ்சை பிடிக்க வைத்திருந்தது. ஒருமுறை ஓட்டி டிஸ்க்கில் ஏற்றுவதற்குள் பிளேயரின் ஹெட்டை நாலு தடவை துடைக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு அந்தக் கேசட்டு எதற்கும் ஆகாது. ஆகவே டிஸ்க்கில் இருப்பதுதான் உலகத்திலேயே ஒரே பிரதி.

சர்வரைச் சுனாமி குடியிருப்பில் இருந்த அவர் வீட்டு முன்னறையில் வைத்தோம். யாரும் எப்போதும் வரலாம், கேட்டதைப் போட்டுப் பார்க்கலாம். காசு கிடையாது. மலர்க்கொடி டீயும் கொடுப்பாள். அழுகிறவர்களை அழவிட்டு உள்ளே போய்விடுவாள், சரியான நேரத்துக்குத் தண்ணீரோடு வருவாள். இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

அடிக்கடி வருகிறவள் தமிழரசி. பக்கத்துத் தெரு. சுனாமி வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, செல்வமணிக்குச் சித்தி முறையான அஞ்சம்மாளை அலை கொண்டுபோய்விட்டது. அஞ்சம்மாளுக்கென்று தனி வீடியோ கிடையாது. உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தில் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு வருகிறார். கேமரா தன்னையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒரு கையால் விரட்டுகிறார். "டேய் செல்வமணி, என்னைய ஏன்டா புடிக்கிற? பொண்ணப் புடிடா!" சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார். அவ்வளவுதான். அம்மாவின் குரல் என்று தமிழரசிக்கு இருந்தது அது ஒன்றே.

2. புளியங்கொட்டை பாடம்

ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருப்பது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் பாரிட்டி. இதைச் செல்வமணிக்கு இங்கிலீஷில் சொன்னேன், தமிழில் சொன்னேன், படம் போட்டும் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றும் ஏறவில்லை என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மலரு, புளியங்கொட்டை இருக்கா?" என்று கேட்டேன்.

நாலு தட்டு வைத்தோம். டிஸ்க்குக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான்: இருக்கு, இல்லை. ஆகவே ஒவ்வொரு தட்டிலும் ஒரு கொட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் மூன்று தட்டுகளில் மலர்க்கொடி இஷ்டத்துக்கு வைக்கட்டும். நாலாவது தட்டு என்னுடையது. மொத்தம் எப்போதும் ரெட்டையாக வருகிற மாதிரி நான் ஒரு கொட்டை வைப்பேன், அல்லது சும்மா விடுவேன்.

"இப்ப ஏதாவது ஒரு தட்டைக் கையால மூடு. நான் திரும்பிக்கிறேன்."

மூடினாள். மற்ற மூன்றையும் எண்ணினேன். "ஒத்தையா வருது. அப்ப உன் கைக்குள்ள ஒரு கொட்டை இருக்கு."

கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி மூடினாள், மறுபடி சொன்னேன். பிறகு அவள் திரும்பிக்கொண்டாள், நான் மூடினேன், அவள் சொன்னாள். சின்ன வயதில் ஒத்தையா ரெட்டையா ஆடாத பொம்பளை யார்? நாலே ஆட்டத்தில் பாரிட்டி அவள் கைக்கு வந்துவிட்டது.

"அப்ப அந்த நாலாவது தட்டுக்குச் சொந்தமா ஒண்ணுமே இல்லையாக்கா?"

"ஒண்ணும் கிடையாது. அதைத் தனியா எடுத்துப் பாத்தா வெறும் குப்பை. மத்தவங்களைப் பாத்துக்கிறது மட்டும்தான் அதுக்கு வேலை. காவக்காரன்னு வச்சுக்கயேன்."

"ரெண்டு தட்ட மூடிட்டா?"

"அப்ப நானும் கைய விரிச்சிட வேண்டியதுதான்."

மலர்க்கொடி தட்டுகளை அடுக்கிக்கொண்டே காவக்காரன் டிஸ்க்கை எங்கே மாட்டியிருக்கிறேன் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பேயில், அதாவது டிஸ்க்கைச் செருகும் முதல் அறையில் என்றேன். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதியிருந்ததையும் காட்டினேன்.

3. புது டிஸ்க் வந்தபோது

ஆரம்பத்தில் டேட்டாவுக்கு இரண்டு, பாரிட்டிக்கு ஒன்று என்று மூன்று டிஸ்க்தான். நிறைந்ததும் செல்வமணி சென்னைக்குப் போய்ப் பெரிய சைஸ் டிஸ்க் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். மாட்டினால் சாஃப்ட்வேர் ஏற்க மாட்டேன் என்றது.

"டூப்ளிகேட்டு குடுத்து ஏமாத்திட்டானா அக்கா?"

டிஸ்க் நல்ல டிஸ்க்தான். டேட்டா டிஸ்க் எதுவும் பாரிட்டியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, அதுதான் விதி. காவக்காரன் தட்டில் இடம் குறைந்தால் மிச்சத்துக்கு யார் கணக்குப் பார்ப்பது? புதிய பெரிய டிஸ்க்கை முதல் பேயில் பாரிட்டியாக மாட்டி, கணக்கு முழுவதையும் அதில் எழுத விட்டு, சரிபார்த்த பிறகு பழைய பாரிட்டியை டேட்டாவுக்கு இறக்கினேன். இறக்கும்போது அதை முழுக்கச் சைபரால் நிரப்ப வேண்டும். மணிக்கணக்கில் ஓடும். செல்வமணி பொறுமை இழந்து, "காலி டிஸ்க்க எதுக்குக்கா காலி பண்ணுறீங்க?" என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மலர்க்கொடி அங்கிருந்தே பதில் சொன்னாள். "காலித் தட்ட சேத்தாத்தாங்க ஒத்த ரெட்ட மாறாது. கொட்டையோட சேத்தா கணக்கு கெட்டுப்போவும்ல?"

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். என் கடையில் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கேட்டு வந்தவர்களுக்குக்கூட இந்த இடத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி டேட்டா மூன்று, பாரிட்டி ஒன்று என்று ஆகிவிட்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆயுத பூசை வந்தது.

4. மேலே பொட்டு, கீழே பட்டை

ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. ஊதுபத்தி வாசம். மலர்க்கொடி நிஜமாகவே மவுஸை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தமிழரசி. ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். செல்வமணி மண்ணெண்ணெய்த் துணியால் டிஸ்க்குகளைத் துடைத்ததில் நான் எழுதிய நம்பர்கள் போய்விட்டன. அதோடு விட்டாரா? ஈரத்துணியால் ஒரு டிஸ்க்கின் அடியிலுள்ள போர்டையும் பளபளவென்று துடைத்திருக்கிறார். அதுதான் டிக் டிக். பிறகு மலர்க்கொடி பொட்டு வைத்துக் கும்பிட்டாள். காலையில் செல்வமணி கைக்கு வந்த வரிசையில் திரும்ப மாட்டிவிட்டார்.

"பட்டனை அமுக்கக் கூடாதுன்னு உனக்கு எப்படித் தோணிச்சு மலரு?"

"மேல பாருங்கக்கா."

பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். முதல் பேயில் இருந்த டிஸ்க்கில் சந்தனமும் குங்குமமும். அதற்குக் கீழும் குங்குமம். மூன்றாவதில் மட்டும் விபூதிப் பட்டை, மூன்று விரலால் அழுத்தி இழுத்தது. நாலாவதில் குங்குமம்.

"நீங்கதான காவக்காரன்னு சொன்னீங்க? காவலுக்கு நிக்கிற சாமிக்கு எங்க வூட்டுல பட்டதான் போடுவோம். நம்பர் அழியறதுக்கு மின்னயே பாத்து வச்சுக்கிட்டு அவனுக்கு மட்டும் பட்ட போட்டேன். காலைல பாத்தா மேல பொட்டு வச்சது ஒக்காந்திருக்கு, பட்ட போட்டவன் கீழ கெடக்கான். இவரு பட்டன அமுக்கப் போறாரு. காவக்காரன் எடத்துல வேற ஆளு நின்னா அவன் தட்டுல எழுதிர மாட்டானா?"

அவள் சொன்னது சரி. எழுதியிருக்கும். அந்தப் பட்டன் பழைய கணக்கை மறந்துவிட்டு, முதல் பேயில் எது இருக்கிறதோ அதன்மேல் புதிய பாரிட்டியை எழுத ஆரம்பிக்கும். அங்கே இருந்தது கல்யாணங்கள் நிறைந்த டிஸ்க். ஒன்று ஏற்கெனவே செத்துக் கிடக்க, இன்னொன்றையும் கையாலேயே அழித்திருப்பார்கள். இரண்டு தட்டு மூடியாயிற்று என்றால் அவ்வளவுதான்.

"நீ மனுஷியா என்னடி!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன்.

ஆனாலும் நான் தொழில்காரி. பட்டையை நம்பி வேலையை முடிக்க மாட்டேன். லினக்ஸ் சி.டி. ஒன்றைப் போட்டு, எழுத முடியாதபடி ரீட் ஒன்லியில் ஒவ்வொரு டிஸ்க்காகத் திறந்தேன். குங்குமம் வைத்த இரண்டில் கல்யாண ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. பட்டை போட்டதில் ஒன்றும் வரவில்லை, வெறும் குப்பை. அவன்தான் காவக்காரன். சுத்தமாக ஒத்துப்போனது.

திறக்கவே முடியாத குங்கும டிஸ்க்கில் என்ன இருந்தது என்பது, மற்ற இரண்டில் இல்லாதது எது என்று பார்த்தாலே தெரிந்தது. கருக்களாச்சேரிக் கல்யாணங்கள் பாதி அதில். அஞ்சம்மாளும் அதில்.

தமிழரசி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வந்துருமா மேடம்?"

"மூணு டிஸ்க்கும் கடைசி வரைக்கும் ஒழுங்கா ஓடிச்சுன்னா வந்துரும்" என்றேன். பொய் சொல்லவும் மனசில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை.

5. படகு பேட்டரி

மாற்று டிஸ்க் வேண்டும். விஜயதசமி, கடை எதுவும் இல்லை. திருநள்ளாற்று லாட்ஜ் ஒன்றுக்குக் கேமரா ரெக்கார்டிங்குக்காக வாங்கி வைத்த டிஸ்க் ஒன்று என் கடையில் இருந்தது. லாட்ஜ் முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சாதாரணமாக ஒருநாள் தாமதமானால் குதிக்கிற மனிதர். "அத மொதல்ல அங்க போடும்மா. என் லாட்ஜுல எவன் செருப்ப எவன் எடுத்தான்னு அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்.

காவக்காரனை அவன் இடத்தில் ஏற்றினேன். உள்ளே இருந்த ஃபோல்டர்களை வைத்து மற்றவர்களை அவரவர் பேயில் மாட்டினேன். செவப்பு போய்ப் பச்சை வந்தது, ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் புதிய டிஸ்க்கை வைத்து ரீபில்டைத் தொடங்கினேன். மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒத்தையா ரெட்டையா என்று எண்ணி, மூடிய தட்டில் இருந்ததை எழுத வேண்டும். மத்தியானம் ஆரம்பித்தது. வேகம் ஆமை நடை.

பாதியைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. காரைக்காலில் ஐப்பசி மழைக்கு முன்னோட்டம் வந்தால் கரண்ட் முதலில் போகும். போனது. யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி சில நிமிஷம்தான் தாங்கும். நின்றால் மறுபடி முதலிலிருந்து. புதியது பிரச்சினையில்லை. வயசான அந்த மூன்றும் இன்னொரு முழு ஓட்டத்தைத் தாங்குமா என்பதுதான் என் பயம்.

செல்வமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மலர்க்கொடி வாசலுக்குப் போய் மழையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அஞ்சம்மா பொட்டிக்குள்ள இருக்கு! கரண்டு போயிருச்சு! யாரு வூட்டுலயாவது பேட்டரி இருந்தா தூக்கியாங்க!"

எதிர்வீட்டில் விசைப்படகு டிரைவர் ஒருவர் இருந்தார். பூசைக்காகக் கடலுக்குப் போகாமல், படகு பேட்டரியைக் கழற்றி வீட்டில் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். அதை இரண்டு பேர் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதன் நெற்றியிலும் சந்தனம் குங்குமம்! யு.பி.எஸ்.ஸின் மூடியைக் கழற்றி, பிளஸ் மைனஸை மூன்று தடவை பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைக் கோத்தேன். கீச்சு நின்றது.

"கப்பலே ஓட்டலாம்க்கா அதுல" என்றார் டிரைவர். "படகுதான ஓடுது, பீத்திக்காத" என்றாள் மலர்க்கொடி. எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அப்போது ரொம்பத் தேவையாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டும் வந்தது, ரீபில்டும் முடிந்தது. நாலும் பச்சை. செல்வமணி ரிமோட்டை எடுத்துத் தமிழரசி கையில் கொடுத்தார். அவள் தேடவில்லை, வழி அவளுக்கு மனப்பாடம். சீர்த்தட்டோடு அஞ்சம்மாள் வந்தார், கையை ஆட்டினார், திட்டினார், போனார். தமிழரசி மலர்க்கொடியின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அழுதால் என்ன, மனுஷிதானே.

6. சொல்ல வேண்டியது

பாரிட்டி வேறு, பேக்கப் வேறு. ஒரு டிஸ்க் செத்தால் பாரிட்டி காப்பாற்றும். பெட்டியே போனால்? இதை நான் பல வீடுகளில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன், காதில் வாங்கியவர் குறைவு. மலர்க்கொடியிடம் சொல்ல வேண்டியே வரவில்லை. அன்றைக்கே அவளே கேட்டாள். "கடலு திரும்பி வந்தா காவக்காரனும் சேந்துதானக்கா போவான்? இன்னொரு நகல் கோட்டுச்சேரில எங்க அண்ணன் வூட்டுல வச்சிருவோம்." அப்படியே செய்தோம். அடுத்த ஆயுத பூசையிலிருந்து பொட்டு பெட்டிக்கு வெளியே மட்டும்.

நான் கற்றுக்கொண்டது வேறு. கஸ்டமருக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் போன பிறகு அந்தப் பெட்டியோடு இருக்கப் போகிறவர் அவர்தான். பட்டனுக்கு முன்னால் நிற்கப் போகிற கையும் அவருடையதுதான். புளியங்கொட்டை தேடி எடுக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

தமிழரசி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நேராக மலர்க்கொடி வீட்டுக்குத்தான் வந்தார்கள். கேமராவோடு செல்வமணி பின்னாலேயே வந்தார். தமிழரசி மாப்பிள்ளையை டி.வி. முன்னால் உட்கார வைத்து, "எங்க அம்மாவ பாருங்க" என்று சொல்லிப் போட்டாள். செல்வமணி டி.வி.யில் வரும் அஞ்சம்மாளையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். அஞ்சம்மாள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"டேய் செல்வமணி, என்னைய ஏன்டா புடிக்கிற? பொண்ணப் புடிடா!"

"சரி சித்தி" என்று சொல்லிவிட்டு, செல்வமணி கேமராவைத் தமிழரசி பக்கம் திருப்பினார்.